மேட்டுக்குழி விமானத்துக்கு விட்டம் எவ்வளவு?

மேட்டுக்குழிக்கு யாரும் வழி கேட்டுப் போனதில்லை. வழி தவறிப் போனவர்கள்தான் உண்டு. பெயரில் மேடும் இருக்கிறது, குழியும் இருக்கிறது. ஊரில் இருப்பதென்னவோ லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையும், யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஜனங்களும்தான். சொன்னதைச் செய்கிறவன் நல்லவன் என்று உலகம் பேசிக்கொள்கிறது. உலகம் இன்னும் மேட்டுக்குழிக்கு வரவில்லை.

பட்டறை சென்னியப்பனுடையது. அவருடைய தம்பி நாச்சிமுத்துவுக்கு நாற்பது நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஆளில் குறை ஒன்றும் கிடையாது. எங்கே போனாலும் தாமதமாகப் போவான், அவ்வளவுதான். காரணம், கூப்பிடுகிற எல்லோரும் "பாத்து மெதுவா வாங்க" என்று சொல்லித் தொலைக்கிறார்கள். அவனும் வழியில் இருக்கிற ஒவ்வொன்றையும் நின்று பார்த்து, மெதுவாகப் போவான். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் குழந்தைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். முறையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தான்.

கடைசியில் கீழ்மேட்டு மாரப்பனின் மகள் மைனாவதியின் சம்பந்தம் கூடி வந்தது. நாச்சிமுத்துவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஊரில் நாய்கூட அவனை ஏறிட்டுப் பார்க்காத நிலையில், அவள் ஏறிட்டுப் பார்த்துச் சிரித்திருந்தாள். மாரப்பனுக்கோ மாப்பிள்ளையின் புகழ் முன்பே காதுக்கு எட்டியிருந்தது. போனில் கண்டிப்பாகச் சொன்னார்:

"இங்க பாருங்க மாப்ள. தை மாசம், ஒம்பது மணி முகூர்த்தம். மெதுவா வர்ற சோலியெல்லாம் வேண்டாம். பறந்து வந்தரோணும், ஆமா. நீங்க வரலீன்னா என் தங்கச்சி மவன் கனகசபாபதி பட்டு வேட்டியோட முன்வரிசையில தயாரா உக்காந்திருப்பான். பாத்துக்குங்க."

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டு அண்ணனிடம் போனான்.

"அண்ணா, பறந்து வரச் சொல்றாருங்ணா."

"பஸ்சு ஆகாதாமா?"

"பஸ்சப் பத்தி ஒண்ணும் சொல்லலீங். பறந்துன்னுதான் சொன்னாரு."

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "அப்ப விமானந்தான்."

மேட்டுக்குழியில் விமானத் தொழில் இப்படித்தான் ஆரம்பமானது.

உடம்பு கட்டுவதில் சிரமம் இல்லை. லாரிக்குக் கட்டுகிற மாதிரியே கட்டி, லாரிச் சக்கரத்தையே மாட்டி, இரண்டு பக்கமும் தகரத்தில் இறக்கை வைத்து, பின்னால் மறக்காமல் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதினார்கள். மேலே போனபின் பின்னால் வருகிறவன் பருந்தானாலும் ஒலி எழுப்பத்தானே வேண்டும்?

இன்ஜினுக்கு ரங்கண்ணனைப் பிடித்தார்கள். ஊரின் ஒரே வாடகைக் கார் அவருடையது. கார் இன்ஜினை விமானத்துக்கு மாற்றலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மாற்றினார்கள். அதாவது, காரில் இருந்ததைக் கழற்றி விமானத்தில் வைத்தார்கள். மாற்றுவது என்றால் வேறென்ன? ரங்கண்ணன் வழக்கம்போல பஸ் ஸ்டாப்பில் இன்ஜின் இல்லாத காரில் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் ஏறினார்கள், கொஞ்ச நேரம் இருந்தார்கள், இறங்கினார்கள். "இப்பத்தான் குலுங்காம ஓட்டறீங்க" என்று பாராட்டியவர்களும் உண்டு.

மிச்சம் இருந்தது மூக்கில் மாட்டுகிற காத்தாடி மட்டும். கோயமுத்தூரில் தேவசகாயம் என்றொருவர் விமானத்துக்கு மரக் காத்தாடி செதுக்கித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, சென்னியப்பன் வீட்டுக் கூடத்திலிருந்து போன் போட்டார். அவரைச் சுற்றி நாச்சிமுத்து, ரங்கண்ணன், சென்னியப்பனின் மச்சினன் குழந்தைசாமி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தனை இறக்கை வேணும்? ரெண்டா, மூணா?" என்றார் தேவசகாயம்.

சென்னியப்பன் போனைக் கையால் மூடிக்கொண்டார். "இறக்கை எத்தனைங்கறாரு."

"இறக்கைதான் ஏற்கெனவே ரெண்டு வெச்சாச்சே?" என்றார் ரங்கண்ணன். "காத்தாடிக்கும் ரெண்டு வெச்சா நாலாயிருமே. நாலு இறக்கையில எது பறக்குது?"

"தும்பி பறக்குது" என்றான் குழந்தைசாமி.

சபை ஒப்புக்கொண்டது. தும்பி பறப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"தும்பிக்கு இன்ஜின் இருக்குதா?"

"அதுக்குக் கல்யாணம் இருக்குதா? சும்மா சுத்திட்டுத் திரியுது. நமக்கு முகூர்த்தம் இருக்குது."

"எனக்கொரு சந்தேகமுங்" என்றான் நாச்சிமுத்து. "காத்தாடிக்கும் இறக்கை இருந்தா, அது பாட்டுக்கு அது பறந்து போயி, நான் இங்கயே நின்னுட்டா?"

நியாயமான சந்தேகம். காத்தாடியைக் கெட்டியாக முடுக்கிவிடுவது என்று தீர்மானமாகி, "ரெண்டே போதுமுங்க, தும்பிக் கணக்கு" என்று பதில் போனது. மறுமுனையில் தேவசகாயம் எதையோ குறித்துக்கொண்டார். தும்பி என்று குறித்திருக்க மாட்டார் என்று நம்புவோம்.

"உங்க இன்ஜின் எந்தப் பக்கம் சுத்துது? வலமா, இடமா? பாத்துட்டுக் கூப்பிடுங்க. கார் இன்ஜின்னா அதைக் கட்டாயம் பாக்கணும்."

இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற குழந்தைசாமி, "இடம்!" என்று கத்தினான். பின்னால் நின்ற ரங்கண்ணன், "வலம்!" என்று கத்தினார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலயா?"

"உனக்குத்தான் கை தெரியல. சோத்துக் கை எதுன்னு கேட்டா ரெண்டுலயும் திங்கற ஆளு நீ."

இருவரையும் இடம் மாறி நிற்கச் சொன்னார் சென்னியப்பன். மாறி நின்றார்கள். இப்போது குழந்தைசாமி வலம் என்றான், ரங்கண்ணன் இடம் என்றார். மானமுள்ள மனிதர்கள் இப்படிப் பேச்சு மாறலாமா என்று சென்னியப்பன் இரண்டு பேரையும் கடிந்துகொண்டார். பிறகு நான்கு பேரும் சேர்ந்து முன்னால் நின்று பார்த்தார்கள். இடம்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இடமாச் சுத்தலாமுங்களா? கோயில்ல யாராச்சும் இடமாச் சுத்துவாங்களா?" நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் நான்கு பேரும் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். வலம் ஆகிவிட்டது. "வலமுங்க. ஆனா முன்னாடி யாரும் நிக்கப்படாதுங்க" என்று தகவல் போனது.

"சரியாச் சொன்னீங்க" என்றார் தேவசகாயம். "பின்னால ஓட்டறவர் பக்கம் இருந்துதான் பாக்கணும்."

சரி என்று ஒருவர் சொன்னது நான்கு பேருக்கும் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. பழக்கமில்லை, பாவம்.

"அடுத்து, விட்டம் எவ்வளவு?"

நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். சென்னியப்பன் வீட்டுக் கூடத்தில் ஓட்டுக் கூரையைத் தாங்கிக்கொண்டு, நல்ல தேக்கில், விட்டம் தன் பாட்டுக்கு இருந்தது. குழந்தைசாமி ஏணி போட்டு ஏறி டேப் பிடித்தான்.

"பன்னண்டு அடிங்க" என்றார் சென்னியப்பன்.

"பன்னண்டா! என்னங்க, ஹெலிகாப்டரா?"

"இல்லீங்க, ஓட்டு வீடுதான்."

தேவசகாயம் பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டார். பிறகு, தொழில் பக்தி உள்ளவர் ஆனதால், ஒரு எச்சரிக்கை சொன்னார். "அவ்வளவு பெருசுன்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. காத்தாடி தரையில படவே கூடாது. பட்டா தூள்தான். அதுக்குக் கீழ எப்பவும் ஒரு அடி இடம் விட்டிருக்கணும்."

"எப்பவுமேங்களா?"

"எப்பவுமே."

நாச்சிமுத்து அதை மனப்பாடம் செய்துகொண்டான். எப்பவுமே. ஒரு அடி.

"கடைசியா ஒண்ணு. காத்தாடி ஒரு சுத்து சுத்தினா எவ்வளவு தூரம் முன்னால போகணும்? அதை வெச்சுத்தான் இறக்கையோட சாய்வைச் செதுக்க முடியும்."

இதற்கு விவாதமே நடக்கவில்லை. நாச்சிமுத்து போனைப் பிடுங்கிக்கொண்டான். "கீழ்மேடு வரைக்குமுங்க."

"எது?"

"கீழ்மேடுங்க, பொண்ணு வீடு. நாலு மைலு. ஒரே சுத்துல போயிரோணுங்க. ரெண்டாஞ் சுத்துல பொண்ணோட திரும்பி வந்தரலாம்."

அந்தப் பக்கம் பென்சிலைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு தேவசகாயம் மிகவும் தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "ஐயா, உங்களுக்கு என்னால செதுக்கித் தர முடியாது. பேசாம உங்க வீட்டு விட்டத்தையே கழட்டி மாட்டிக்குங்க."

போன் வைக்கப்பட்டது.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட வாங்காதீங்க, உங்க பொருளையே போட்டுக்குங்கன்னு எந்த வியாபாரி சொல்லுவான்? என்ன மனுசன்!"

கூடத்தில் அவர் மனைவி சம்பூரணம் அரிசிம்பருப்புச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே நான்கு பேர் கடப்பாரையோடு ஏறுவதைப் பார்த்து, "ஏனுங்க, விட்டத்த எடுத்தா ஓடு விழுந்தராதுங்களா?" என்றாள்.

"அவரு ஓட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லல" என்றார் சென்னியப்பன்.

"மேல இருக்கறது மேலதானக்கா இருக்கும்?" என்றான் குழந்தைசாமி. "விட்டந்தான் கீழ இருக்குது. கீழ இருக்கறத எடுத்தா மேல இருக்கறதுக்கு என்ன வந்துச்சு?"

விட்டம் வந்தது. தொடர்ந்து மேலே இருந்ததும் வந்தது. சம்பூரணம் சரியான நேரத்தில் வாசலுக்குத் தாவியதால் தப்பித்தாள். சோறு தப்பவில்லை. அவள் ஒரு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வேறு உலை வைத்தாள். இருபது வருஷக் குடித்தனம். அவளிடம் குடை எப்போதும் கைவசம் இருக்கும்.

விட்டத்தின் நடுவில் துளை போட்டு இன்ஜினில் மாட்டினார்கள். இன்ஜினை ஓட்டியதும் அது கம்பீரமாகக் கால் சுற்று சுற்றி, மடேரென்று தரையில் இடித்து நின்றது. பன்னிரண்டு அடி விட்டம், அது மாட்டியிருந்த இடமோ தரையிலிருந்து ஐந்து அடி. கணக்கு தெரிந்தவர்களுக்கு விஷயம் புரியும். இவர்கள் சபை கூடினார்கள்.

"ஆளுக்கொரு பக்கம் அறுத்துரலாமா?" என்றார் ரங்கண்ணன்.

"அறுத்தா அப்பறம் அது விட்டமா இருக்குமா? வீட்டு விட்டத்தத்தான் மாட்டச் சொன்னாரு. துண்ட இல்ல."

"அப்ப விமானத்தத் தூக்கி வெச்சா?"

"தூக்கி வெச்சா மாப்ள எப்பிடி ஏறுவான்? பட்டு வேட்டி கிழிஞ்சு போயிரும்."

கனகசபாபதியின் பட்டு வேட்டி எல்லோர் கண்ணிலும் ஒரு கணம் வந்து போனது. அப்போதுதான் நாச்சிமுத்து, பெண் நினைப்பிலேயே கரைந்துகொண்டிருந்தவன், மெல்ல வாயைத் திறந்தான்.

"காத்தாடியத் தூக்க முடியலீன்னா, தரைய எறக்கிக்கலாமுங்ளே?"

காதல் மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இது ஒரு சாட்சி. காத்தாடிக்கு நேர் கீழே குழி வெட்டினார்கள். ஒரு அடி பள்ளம் சுற்றுவதற்கு, இன்னொரு அடி தேவசகாயம் சொன்ன இடம். இன்ஜினைப் போட்டதும் விட்டம் குழிக்குள் புகுந்து எழுந்து, புகுந்து எழுந்து, ஜம்மென்று சுற்றியது. தரையில் படவே இல்லை. நான்கு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு குழந்தைசாமி கேட்டான். "மச்சான், விமானம் நகந்தா குழியும் கூட நகருமுங்களா?"

நகராது என்று தெரிய வர அரை நாள் ஆனது. குழியைக் கூப்பிட்டும் பார்த்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதை நான் நம்பவில்லை.

"நகராட்டிப் போச்சு. நீட்டிக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

எதுவரை? கீழ்மேடு வரை.

ஆவணியில் மண்வெட்டி எடுத்தவர்கள் தை வரை கீழே வைக்கவில்லை. தொடையளவு ஆழம், வண்டியைவிடக் கொஞ்சம் குறைந்த அகலம், சக்கரங்கள் இரு கரையிலும் ஓடுகிற மாதிரி, ரோட்டின் நட்டநடுவே வாய்க்கால் போனது. நம் நாட்டில் ரோட்டில் நடப்பவனை நான்கு பேர் நிறுத்திக் கேட்பார்கள், ரோட்டைத் தோண்டுகிறவனை யாரும் ஏனென்று கேட்பதில்லை. நடு வழியில் ஓர் ஊரில் குடிதண்ணீர்க் குழாய் வருகிறது என்று மாலை போட்டு மோர் கொடுத்தார்கள். அடுத்த ஊரில் சாக்கடை என்று நினைத்து, வேலை முடியும் முன்பே பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

நாச்சிமுத்துதான் முன்னால் நின்று வெட்டினான். கை கொப்புளித்து, கொப்புளம் காய்த்து, அந்தக் காய்ப்பின் மேல் மறுபடி கொப்புளித்தது. "ஏன்டா, சித்த உக்காரு" என்பார் சென்னியப்பன். "அவன் வேட்டிக்கு இஸ்திரி போட்டிருப்பானுங்ணா" என்று மறுபடி வெட்டுவான். அவனுடைய வயசில் இன்னொரு வரன் வருமா? தோண்டுவது முட்டாள்தனமாக இருக்கலாம், தோண்டுகிறவனுடைய அவசரம் முட்டாள்தனம் இல்லை.

முகூர்த்த நாள் காலை ஆறு மணிக்கு வாய்க்கால் கீழ்மேட்டுக் கல்யாணப் பந்தலின் வாசலைத் தொட்டது. நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தது. வாசலில் பன்னீர் தெளிக்க நின்ற பெண்களின் காலடியிலிருந்து, தலை முழுக்க மண்ணோடு நாச்சிமுத்து எழுந்தான்.

மாரப்பனால் நம்ப முடியவில்லை. மூணு மணி நேரம் முன்னாடியே! ஓடி வந்து கையைப் பிடித்தார். "வாங்க வாங்க மாப்ள! வந்துட்டீங்களே! உங்க வாயில சக்கரையத்தான் போடோணும்!"

"இல்லீங் மாமா" என்றான் நாச்சிமுத்து பணிவாக. "நான் இன்னும் வரலீங்."

"என்னது?"

"வழி வெட்டத்தான் வந்தமுங். இனித்தான் போயி, பறந்து வரோணும். நீங்கதான சொன்னீங்க?"

"ஏனுங்க, வந்தவரு வந்துட்டீங்க, அப்பிடியே உக்காந்தரலாமே?"

சென்னியப்பன் முகம் கறுத்தது. "அதென்னுங்க பேச்சு? எம் தம்பி சொல்லு தவற மாட்டான். வாடா."

நான்கு பேரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே திரும்பி நடந்தார்கள். முன்வரிசையில் கனகசபாபதி வேட்டி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டான். மணவறையில் இருந்த மைனாவதி, போகிற நாலு முதுகையும் எட்டிப் பார்த்தாள். அவற்றில் ஒரு முதுகை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

எட்டே முக்காலுக்கு ஒரு இரைச்சல் கேட்டது. இன்ஜின் உறுமியது, விட்டம் குழிக்குள் புகுந்து எழுந்து சுற்றியது. காற்று மட்டும் வரவில்லை. சாய்வே இல்லாத மரம் காற்றை எங்கே தள்ளும்? அதனால் விமானத்தைப் பின்னாலிருந்து மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே பட்டு வேட்டியோடு, தலைப்பாகையோடு நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். பந்தல் வாசலில் விமானம் நின்றது. யாரோ ஒலி எழுப்பினார்கள்.

மாரப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பொறுமை அவருக்கும் போய்விட்டிருந்தது. "ஏனுங்க மாப்ள, பறந்து வரச் சொன்னா உருண்டு வந்திருக்கீங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "பறக்கறதுக்குத்தானுங் வந்தோம் மாமா. கெளம்பறப்பத்தான் ரோசனை வந்துச்சு. காத்தாடிக்குக் கீழ எப்பவும் குழி இருக்கோணுமுங்க. மேல ஏறிட்டா குழி கூட வராதுங்களே? ஆகாசத்துல இன்னும் வெட்டலீங்." தலைப்பாகையைக் கழற்றினான். "நான் பறந்து வரலீங் மாமா. பொண்ண அவருக்கே குடுத்துருங்க."

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். கனகசபாபதி எழுந்து நின்றான். சடங்கு செய்துவைக்கும் பெரியவர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைனாவதி மணவறையிலிருந்து இறங்கி வந்தாள். மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் ஒரே குதி.

"எங்கடி போற?" என்று அலறினார் மாரப்பன்.

"ஏனுங்கப்பா, எனக்காவ நாலு மைலு மண்ண வெட்டிட்டு ஒரு மனுசன் வந்திருக்காரு. அத்தை மவன் இத்தன நேரமும் உக்காந்து வேட்டியத்தான நீவிட்டிருந்தாரு." பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தாள். "எறங்கி வாங்க. மொதல்ல தாலியக் கட்டுங்க. ஆகாசத்துல வெட்ட வேண்டியதக் கட்டிட்டு வெட்டிக்கலாம்."

வாய்க்காலுக்குள் நின்றபடியே தாலி ஏறியது. மணி சரியாக ஒன்பது. நாச்சிமுத்து வாழ்க்கையில் நேரத்துக்குச் செய்த முதல் காரியம் அதுதான். கனகசபாபதி அடுத்த முகூர்த்தம் எங்கே என்று விசாரித்துக்கொண்டே பந்திக்குப் போனான்.

மேட்டுக்குழிக்கு வந்த முதல் விவரமான ஆள் மைனாவதி என்று சம்பூரணம் நிம்மதியானாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது மழைக்காலம். சென்னியப்பன் வீட்டில் கூரை இல்லாததால் மேகம் நன்றாகத் தெரிகிறது. வெறும் ஆகாயத்தில் மண்வெட்டி பிடிக்காது, மேகத்தில்தான் பிடிக்கும் என்று சபையில் முடிவாகி, நான்கு பேரும் சுவர் மேல் ஏறி, மண்வெட்டியை ஓங்கியபடி, மேகம் தாழ்வதற்காகக் காத்திருக்கிறார்கள். கீழே மைனாவதி மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண் அள்ளும் தட்டோடு நின்று, கவலையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்:

"வெட்டறது சரிங்க. வெட்டின மேகத்த எங்க கொண்டு போயிக் கொட்டறது? வாய்க்கால்ல கொட்டினா விட்டம் மறுபடி இடிக்குமே!"